ஒத்தநாடாவுக்குச் சொந்தக்காரன்

தமிழுக்கு ஒரு சொல் குறைவாக இருந்தது. அந்தக் குறையைத் தீர்த்து வைத்தவன் நான். சங்கம் வைத்தவர்களும், அகராதி போட்டவர்களும், பட்டிமன்றத்தில் மைக்கைக் கடித்துப் பேசியவர்களும் இரண்டாயிரம் வருஷமாகத் தேடியும் கிடைக்காத சொல். டவுன் பஸ்ஸில் டிக்கெட் கிழித்து ஓய்வுபெற்ற அப்பாதுரையாகிய எனக்கு, பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறிக்குழி ஓரத்தில், கையில் பாதி டீயோடு நிற்கும்போது கிடைத்தது.

சொல் இதுதான்: ஒத்தநாடா.

தான் நினைத்ததே சரி என்று உலகம் புரண்டாலும் நகராமல் நிற்கிற ஆளுக்கு இந்தப் பெயர். அப்படிப்பட்டவனுக்குத் தமிழில் ஏற்கெனவே பெயர் இல்லையா என்று கேட்பீர்கள். பிடிவாதக்காரன் என்பார்கள். ஆனால் பிடிவாதக்காரன் ஏதோ ஒன்றுக்காக அடம் பிடிக்கிறவன். அதை வாங்கிக் கொடுத்தால் அடங்கிவிடுவான். விதண்டாவாதி என்பார்கள். அவன் நாம் சொல்வதையெல்லாம் மறுக்கிறவன். நாம் வாயை மூடிக்கொண்டால் அவனுக்குப் பிழைப்பில்லை. நான் சொல்கிற ஆள் வேறு ரகம். அவனுக்கு எதிராளியே தேவையில்லை. யாருமில்லாத வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்கும்போதும் அவன் சொன்னதுதான் சரியாக இருக்கும்.

இன்றைக்கு அந்தச் சொல் போகாத இடமில்லை. ஷேர் ஆட்டோக்காரர்கள் வழிவிடாத லாரியைப் பார்த்துச் சொல்கிறார்கள். மாமியார்கள் மருமகளை நேரிலேயும், மருமகள்கள் மாமியாரைப் போனிலேயும் சொல்கிறார்கள். செங்கல்பட்டைத் தாண்டிவிட்டது. விமானம் ஏறித் துபாய்க்குப் போய், அங்கே ஒரு ஷேக்கையே அப்படித் திட்டிவிட்டதாகக் கேள்வி. என்னை நம்பாவிட்டால் ஷேக்கைக் கேளுங்கள்.

இதை நான்தான் உண்டாக்கினேன் என்று சொன்னால் மட்டும் ஊர் சிரிக்கிறது. காரணம் ஒரே ஒரு மனிதர். அப்துல் ரஹ்மான் பாய். நான் கண்டக்டராக இருந்த பஸ்ஸை ஓட்டியவர். முன்னால் அவர், பின்னால் நான் என்று எங்கள் பாதி ஆயுள் அந்த வண்டியிலேயே போனது. பாய் பொய் சொல்ல மாட்டார் என்பது காஞ்சிபுரம் முழுக்கத் தெரியும். நான் எப்படி என்பதும் தெரியும். ஆகவே நான் கதையை ஆரம்பித்ததும் கேட்கிறவர்கள் எல்லாம் பாயின் முகத்தைப் பார்ப்பார்கள். அவர் டீ கிளாசைக் கீழே வைத்து, தாடியைத் தடவிக்கொண்டு, எப்போதும் அந்த ஒரே வாக்கியத்தைச் சொல்வார்: "நம்பறதுக்கில்லபா. பழைய சொல்லா இருக்கும்."

முடிந்தது. அதற்கு மேல் நான் ஏகாம்பரநாதர் கோபுரத்தின் மேல் ஏறி நின்று கத்தினாலும் எடுபடாது. எனக்கு வந்த எரிச்சலில் எத்தனை டீ ஆறிப் போயிருக்கிறது என்பதற்குக் கணக்கே இல்லை.

நடந்ததைச் சொல்கிறேன்.

என் தங்கை லோகாம்பாளைப் பிள்ளையார்பாளையத்தில் அர்ஜுனனுக்குக் கொடுத்திருக்கிறது. அர்ஜுனன் நல்ல நெசவாளி. மற்றபடி அவன் வாயில் வந்ததெல்லாம் கல்வெட்டு. கோயில் இட்லியில் மிளகு முழுசாகக் கிடக்க வேண்டும், ஒன்றிரண்டாக உடைத்துவிட்டால் பெருமாள் திரும்பிப் படுத்துக்கொள்வார் என்பான். ஐயம்பேட்டை பஸ்ஸில் இடது ஜன்னலில் உட்கார்ந்தால் முழங்கால் வலி வரும் என்பான். ஒரு வருஷம், இந்தக் கார்த்திகையில் மழையே கிடையாது என்று சொல்லித் தொலைத்துவிட்டான். அந்த வருஷம் வேகவதி ஆற்றில் தண்ணீர் கரை புரண்டு தெருவுக்குள் வந்தது. முழங்காலளவு தண்ணீரில் குடையை விரிக்காமல் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றான். என்ன மாப்ள என்றேன். "இது மழ இல்ல மச்சான். புயலோட செதறலு" என்றான். மூக்கிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அப்படிப்பட்டவனுடைய மகள் சத்யப்ரியாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அவள் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளை வசந்த், மாகறல்காரர். நெசவு வீட்டுப் பெண்ணுக்குக் கடையில் முகூர்த்தச் சேலை எடுத்தால் நாலு பேர் சிரிப்பார்கள் என்று, மாப்பிள்ளை வீட்டார் அந்தப் பொறுப்பை அர்ஜுனன் தறிக்கே விட்டுவிட்டார்கள். வினை அங்கே ஆரம்பித்தது.

சத்யப்ரியா மாம்பழ மஞ்சளில் சேலை கேட்டாள். கரையும் அதே மஞ்சள். கல்யாணத்துக்கு அப்புறமும் கட்டிக்கொள்கிற மாதிரி லேசாக இருக்க வேண்டும், பீரோவுக்குள் தூங்கக்கூடாது என்றாள். அர்ஜுனன் சேலையின் உடலுக்கு மஞ்சள் நூல் போட்டான். கரைக்கு அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் அரக்குப் பாவு, அதாவது நீளவாக்கு நூல், ஏற்றினான். உடலும் கரையும் ஒரே நிறத்தில் இருந்தால் அதற்குப் பெயர் சேலையில்லை, போர்வை என்றான்.

தறி தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் ஊடு நூலைக் குறுக்கே ஓட்ட நாடா என்கிற கட்டை மூன்று வேண்டும்; உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் ஒவ்வொன்று. குழிக்குள் உட்கார்ந்து நெய்கிறவருக்கு இரண்டு கை போதாது. அந்தப் பக்கத்துக் கரை நாடாவைத் தள்ள இன்னொருவர் பலகை போட்டு உட்கார வேண்டும். எல்லாம் ஒரே நிறம் என்றால் ஒற்றை நாடா, ஒற்றை ஆள். அர்ஜுனனுக்குக் கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பலகையில் உட்கார்ந்து கரை நாடா தள்ளியவள் லோகாம்பாள்.

மகள் கண் கலங்கி வேலைக்குப் போன அன்று, லோகாம்பாள் நாடாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். பெண் கேட்டதை நெய், வந்து உட்காருகிறேன் என்று சொல்லி அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. கரை நாடா தள்ளுகிற ஆள் கோபித்துக்கொண்டு எழுந்துவிட்டால், அதே ஆள் தானாக வந்து உட்காரும்வரை அந்தப் பலகையில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள். உட்கார்ந்தால் அடுத்த வீட்டுச் சண்டையில் பங்கு வாங்கியது போல ஆகிவிடும். அர்ஜுனன் தெருத் தெருவாகக் கூப்பிட்டுப் பார்த்தான். ஒருவருக்கு இடுப்பு வலி வந்தது, ஒருவர் திருப்பதி போனார், ஒருவர் கதவையே திறக்கவில்லை.

வேறு ஆளாயிருந்தால் இறங்கி வந்திருப்பான். இவன் தனியாகவே மூன்று நாடா நெய்ய ஆரம்பித்தான். குழியில் உட்கார்ந்து இரண்டு நாடா தள்ளுவான். பிறகு குழியிலிருந்து ஏறி, தறியைச் சுற்றி ஓடி, அந்தப் பக்கம் குனிந்து மூன்றாவது நாடாவைத் தள்ளுவான். மறுபடி ஓடி வந்து குழியில் குதிப்பான். அந்தத் தறியைச் சுற்றி அவன் ஓடிய தூரத்துக்கு நேராக ஓடியிருந்தால் அன்றைக்கே ராமேஸ்வரம் போய்த் தீர்த்தமாடிவிட்டு வந்திருக்கலாம். நெய்தது சுண்டு விரல் அகலம். கல்யாணமோ நெருங்கிக்கொண்டிருந்தது.

நான் தாய்மாமன். சமாதானம் பேசுவது என் தலையெழுத்து. தறிக்கும் அடுப்பங்கரைக்கும் நடந்து நடந்து நானே நாடா மாதிரி ஆகிவிட்டேன். சரி, கடையிலேயே ஒரு சேலை எடுத்துவிடலாம் என்று கடைசியாகச் சொல்லிப் பார்த்தேன். அர்ஜுனன் குழிக்குள்ளிருந்து நிமிர்ந்தான்.

"கடைச் சேல எம்பொண்ணு மேல ஏறிச்சின்னா, நான் மண்டபத்துப் படி ஏற மாட்டேன் மச்சான். அவ்ளோதான்."

அதைச் சொல்லிவிட்டுத் தறியைச் சுற்றி ஓடப் போய்விட்டான். அன்று சாயங்காலம் சத்யப்ரியா பஸ் ஸ்டாண்டில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "சேல போவட்டும் மாமா. எத்தக் கட்டினா இன்னா? அப்பா மணவறைல நிக்கலன்னா எனக்கு அந்தக் கல்யாணமே வாணாம்" என்றாள். அவள் சின்ன வயசிலிருந்தே சொன்னால் சொன்னதுதான். யாருக்குப் பிறந்தவள்.

வேறு வழி தெரியாமல் பாயைக் கூட்டிக்கொண்டு போனேன். எத்தனையோ ரகளைப் பயணிகளை ஒரே ஒரு பார்வையில் உட்கார வைத்தவர். மத்தியானம் முழுக்கக் குழி ஓரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஒருமுறைகூடக் குரலை உயர்த்தாமல் பேசினார். கடைசியில், கட்டப் போகிறவள் அவள், சேலை அவளுடையது, அவள் இஷ்டப்படி விடு என்றார். அர்ஜுனன் நாடாவை நிறுத்தினான்.

"பஸ்ஸு பயணிங்களுதுதான பாய்? ஸ்டீரிங்க அவங்க கைல குடுத்தியா நீ?"

பாய் தாடியைத் தடவினார். அஸர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து வாசலுக்குப் போனார். உள்ளே நான், அர்ஜுனன், அடுப்பங்கரையில் லோகாம்பாள். அவள் கொடுத்த டீயில் பாதி என் கையில் இருந்தது.

அர்ஜுனன் எனக்கு நெசவைப் பற்றிப் பாடம் எடுத்தான். மூன்று நாடா போட்டால்தான் காஞ்சிபுரம், ஒற்றை நாடாவில் நெய்கிறவன் நெசவாளியே இல்லை என்றான். முந்தின நாளும் இதையே சொன்னான். அதற்கு முந்தின நாளும் இதே வாக்கியம், இதே ஏற்ற இறக்கம். எனக்குள் என்னவோ அறுந்தது.

"ஒனக்குக் கைலதான் மூணு நாடா மாப்ள. மண்டைல ஒத்த நாடா. இந்தாண்டேருந்து அந்தாண்ட, அந்தாண்டேருந்து இந்தாண்ட, ஒரே நூலு, ஒரே கலரு. நீ ஆளு இல்ல. ஒத்தநாடா."

அடுப்பங்கரையிலிருந்து லோகாம்பாள் சிரித்தாள். அவள் அந்த வாரம் முழுக்கச் சிரித்திருக்கவில்லை; எல்லாவற்றையும் சேர்த்து வைத்துச் சிரித்தாள். அலமாரியில் இருந்த எவர்சில்வர் குண்டான்கள் கலகலத்தன. கச்சபேஸ்வரர் கோயில் புறாக்கள் பறந்து போய் மறுநாள்தான் திரும்பின. அர்ஜுனன் முகம் அவன் ஏற்றியிருந்த கரையைவிட அரக்காகிவிட்டது.

டீயை முடித்துவிட்டுப் பையப் புறப்பட்டு, தெரு முனையில் ஐயம்பேட்டை ஷேர் ஆட்டோவுக்கு நின்றேன். ஆட்டோ வந்தது. ஓட்டுகிறவன், நடு ரோட்டில் பைக்கை நிறுத்திக்கொண்டு நகர மறுத்த ஒருவனைப் பார்த்து, "தள்ளிப் போடா ஒத்தநாடா" என்றான்.

எனக்கு மயிர் கூச்செறிந்தது. நான் சொல்லி ஒரு டீ நேரம்கூட ஆகவில்லை. எனக்கு முன்னால் சொல் தெருமுனைக்கு வந்து நிற்கிறது. அதற்குக் கால் முளைத்துவிட்டது என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

மறுநாள் அர்ஜுனன் வெற்றிலை வாங்கப் போனான். கடைக்காரர், ஒத்தநாடாவுக்கு முதலில் வெற்றிலை கொடு என்று பின்னால் நின்ற பையனிடம் சொன்னார். அர்ஜுனன் வெற்றிலையை வாங்காமல் திரும்பி வந்து கதவைச் சாத்திக்கொண்டான். தறிச் சத்தம் நின்றது. அடுத்த நாளும் சத்தமில்லை. லோகாம்பாள் எனக்குப் போன் போட்டு, இப்படிப் பண்ணிவிட்டாயே அண்ணா என்று அழுதாள். சிரித்தவளும் அவள்தான். சத்யப்ரியா போன்கூடப் போடவில்லை. அது அழுகையைவிட மோசம். சேலைக்காகப் போனவன், அப்பனையும் சேர்த்து மணவறையிலிருந்து இறக்கிவிட்டேன் என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. என் வீட்டில் கேட்டுப் பாருங்கள். மூன்று தோசைதான் சாப்பிட்டேன்.

அதற்கு அடுத்த நாள் காலையில் அர்ஜுனன் தறியறைக் கதவைத் திறந்தான். கத்தரிக்கோலை எடுத்து இரண்டு பக்கமும் ஏற்றியிருந்த அரக்குப் பாவை அறுத்தான். பாவை அறுப்பது என்பது அந்த வீட்டில் வாயால்கூடச் சொல்லக் கூடாத வார்த்தை. அறுத்த இடத்தில் மஞ்சள் இழைகளை ஒவ்வொன்றாக வைத்து, விரலில் சாம்பல் தொட்டு முறுக்கிப் பிணைத்தான். பிறகு ஒற்றை நாடாவைக் கையில் எடுத்தான்.

லோகாம்பாள் வந்து பலகையில் உட்கார்ந்தாள். தள்ளுவதற்கு அவளுக்கு நாடா இல்லை. எதற்கு வந்தாய் என்று அவன் கேட்டதற்கு, சும்மா உட்கார்ந்திருக்கிறேன் என்றாள். சேலை முடியும் வரைக்கும் சும்மாவே உட்கார்ந்திருந்தாள்.

கல்யாணத்தில் சத்யப்ரியா அந்த மஞ்சளில் வந்து நின்றபோது ஐயர் மந்திரத்தை மறந்துவிட்டார். மாகறல் பெண்கள் எல்லோரும் சேலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். மணவறையில் மகளுக்குப் பக்கத்தில் நின்ற அர்ஜுனன் சம்பந்தியிடம் மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது: "கரையும் அதே கலருல இருந்தாத்தான் அழகு. நான்தான் பிடிவாதமா நெய்தேன். வீட்ல யாரும் ஒத்துக்கல."

என் கையில் அப்போது அட்சதைத் தட்டு இருந்தது. அதனால் தப்பித்தான்.

போகட்டும், பெண் சிரித்துக்கொண்டிருந்தாள், அது போதும் என்று விட்டுவிட்டேன். ஆனால் சொல் என்னுடையதல்லவா? அதைக் கேட்கக்கூடாதா? லோகாம்பாளிடம் சாட்சி கேட்டேன். அப்போது மிக்சி போட்டிருந்தேன் அண்ணா, ஒன்றும் காதில் விழவில்லை என்றாள். அர்ஜுனனோ, அது அவன் பாட்டன் காலத்துச் சொல் என்றான். என்னையே இரண்டு தடவை அப்படித் திட்டவும் செய்தான். பாய் தாடியைத் தடவினார். நம்பறதுக்கில்லபா. இப்படியே போனது.

போன வாரம் மாகறலில் சத்யப்ரியாவின் குழந்தைக்குப் பேர் வைத்தார்கள். பிரியதர்ஷினி. நானும் பாயும் போயிருந்தோம். பந்தலில் ஒரு பெரியவர் யாரையோ ஒத்தநாடா என்று திட்டிவிட்டு, நல்ல சொல்லாக இருக்கிறதே, எங்கேயிருந்து வந்தது என்று பொதுவாகக் கேட்டார். நான் தொண்டையைக் கனைத்தேன். அதற்குள் பேத்தியை மடியில் வைத்திருந்த அர்ஜுனன் நிமிர்ந்தான்.

"அத்த உண்டாக்கினதே நான்தான். தறில ஒக்காந்துக்கினு இருக்கும்போது தோணிச்சி."

எனக்குப் பேச்சு வரவில்லை. என் வாழ்நாளில் முதல் தடவை. டாக்டரைக் கூப்பிடலாமா என்றுகூட யாரோ கேட்டார்கள். நான் எழுந்து வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றேன். கேசரித் தொன்னையோடு பாய் பின்னாலேயே வந்தார். ஒரு வாய் கேசரியைத் தின்றுவிட்டு, அவன் அன்றைக்கு என்னிடம் வந்தான்பா என்றார்.

தறிச் சத்தம் நின்றிருந்ததே, அந்த நாட்களில் ஒருநாள். அர்ஜுனன் பாய் வீட்டு வாசலில் வந்து நின்றிருக்கிறான். அந்தப் பெயர் என் மேல் ஒட்டிவிட்டால் மாகறல்காரர்கள் முன்னால் மணவறையில் எப்படி நிற்பேன் என்று கேட்டிருக்கிறான். கண்ணில் தண்ணீர் இருந்தது என்றார் பாய். பெண் கேட்டதை நெய், அந்தச் சொல் உனக்காகப் பிறந்ததில்லை, பழைய சொல் என்று நான் ஊரை நம்ப வைக்கிறேன் என்று பாய் வாக்குக் கொடுத்திருக்கிறார். மறுநாள் காலையில்தான் அரக்குப் பாவு அறுந்தது.

"கண்டக்டரு கத சொன்னா நான் ஆமான்னாதான் ஊரு நம்பும். நான் ஆமான்னு சொல்லல. அவ்ளோதான் பண்ணேன். பொய்யும் சொல்லல, பார்த்தியா? நான் கேக்கலன்னு ஒரு நாளாவது சொன்னனா?"

யோசித்துப் பார்த்தேன். சொன்னதே இல்லை. சரி பாய், உனக்கென்ன வந்தது, அவனுக்காக நீ ஏன் சுமக்க வேண்டும் என்றேன். பாய் தரையைப் பார்த்தார். அன்றைக்குத் தொழுகைக்குப் போகிற வழியில் சிரிப்புத் தாங்காமல் ஷேர் ஆட்டோக்காரனிடம் சொல்லிவிட்டேன், ஊரெல்லாம் பரவியது என்னால்தான் என்றார்.

என் சொல்லுக்கு முளைத்த கால், பாயின் கால். என் சொல் குத்தியதால்தான் சேலை நெய்தான் என்று இத்தனை நாள் நான் மார்தட்டிக்கொண்டிருந்தேனே, அதுவும் பாயின் கைங்கரியம்.

கேசரியைக் கடைசிப் பருக்கை வரைக்கும் தின்று, தொன்னையை மடித்துப் போட்டுவிட்டு, பாய் பந்தலுக்குள் நடந்தார். நான் பின்னால். அர்ஜுனன் இன்னும் அந்தப் பெரியவருக்கு, தறியில் உட்கார்ந்திருக்கும்போது அந்தச் சொல் தனக்கு எப்படித் தோன்றியது என்று விளக்கிக்கொண்டிருந்தான். சத்யப்ரியா எங்களைப் பார்த்ததும் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அதே மஞ்சள் சேலை.

"அர்ஜுனா, பேரு வாணாம்னு நீ சொன்ன, அதனால வாய மூடிக்கினு இருந்தேன். இப்போ நீயே பட்டா போட்டுக்கிறே. இனிமே எனக்கு இன்னா?"

பாய்க்கு வயசாகிவிட்டது என்றான் அர்ஜுனன், குழந்தையிடம்.

பாய் அவனைக் கவனிக்கவில்லை. பெரியவர் பக்கம் திரும்பி, என் தோளில் கையை வைத்தார்.

"இவன் சொல்றது நடந்துதுங்க. இவன்தான் சொன்னான். நான் வாசல்ல செருப்பு மாட்டிக்கினு இருந்தேன், என் ரெண்டு காதாலயும் கேட்டேன்."